உன் அத்தை கேட்கும் ஒரு வார்த்தை

கண்ணு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டுவிட்டுப் போன கேள்விக்கு இந்தக் கடிதத்தில் பதில் இருக்காது. ஏன் இருக்காது என்பது மட்டும்தான் இருக்கும். நேரிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நேரில் பேசினால் நீ நடுவில் புகுந்துவிடுகிறாய், நான் குரலை உயர்த்திவிடுகிறேன், உன் அம்மா சாப்பாட்டைக் காரணம் காட்டி இரண்டு பேரையும் எழுப்பிவிடுகிறாள். எழுதினால் கடைசி வரை நீ கேட்டுத்தான் ஆக வேண்டும். இதை உறையில் போட்டு ஒட்டி அனுப்பும் கடிதமாக எழுதவில்லை. உன்னோடு ஆபீஸ் திறக்கப்போகும் உன் சிநேகிதர்கள் படிக்கட்டும், இனிமேல் இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளும் படிக்கட்டும். அதற்காகவே சில பெயர்களை விட்டிருக்கிறேன், ஒரு ஊரை மாற்றியிருக்கிறேன். எந்த ஊர் என்று உனக்குத் தெரியும். மற்றவர்கள் உடுமலைப்பேட்டைக்குப் போய்த் தேட வேண்டாம், அங்கே கிடைக்காது.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். என் தங்கை, உனக்கு வெள்ளகோவில் அத்தை, தன் மகள் சுமதிக்கு அடுத்த மாதம் கல்யாணம் வைத்திருக்கிறாள். சுமதிக்கு நான் ஒரே தாய்மாமன். என் மடியில் உட்காரவைத்துத்தான் அவளுக்குக் காது குத்தினார்கள். கல்யாணத்தில் சீர்த்தட்டு என் வீட்டிலிருந்து போக வேண்டும், மாமன் இடத்தில் நான் நிற்க வேண்டும். அப்படிப்பட்ட எனக்குப் பத்திரிகை தபாலில் வந்திருக்கிறது. கூடப்பிறந்த அண்ணனை வெற்றிலை பாக்குத் தட்டோடு நேரில் வந்து அழைக்க வேண்டியவள், தபால் தலை ஒட்டி வேலையை முடித்துவிட்டாள். பின்னாலேயே உன்னைத் தூது அனுப்பினாள்.

"அத்தை பழசையெல்லாம் விட்டுட்டாங்கப்பா. ஒரே ஒரு வார்த்தைதான் கேக்கறாங்க. அன்னைக்குச் சுமதிக்கு வந்த உடுமலைச் சம்பந்தத்தை நிறுத்துனது சரியா, தப்பா? ரெண்டுல ஒண்ணு சொல்லிப்போடுங்க. நாளைக்கே மாமாவும் அத்தையும் தட்டோட வந்து நிக்கறாங்க."

முடியாது என்றேன்.

"மூணு வருஷம் ஆச்சுங்கப்பா. அந்தப் பையனுக்குக் கல்யாணம் ஆகிக் கொழந்தையே பொறந்திருச்சு. இனி யாருக்குங்கப்பா நட்டம்?"

"முடியாதுன்னு சொல்லிப்போட்டேன்."

"உங்களுக்குச் சுமதிய விட அந்த ஃபைல் பெருசாப் போச்சு. அவ்வளவுதானே?" என்று கேட்டுவிட்டு, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் இறங்கிப் போனாய். பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்தாள். உன் அம்மா அவளிடம், "எங்கூட்டுக்காரரு வாய்க்குப் பூட்டுப் போட்டு, சாவிய ஆபீசுலயே வெச்சுட்டு வந்தர்றாருங்க" என்றாள். அது எனக்குக் கேட்க வேண்டும் என்றே சொன்னது. முப்பது வருஷமாக என்னோடு இருக்கிறாள், என்னிடம் கணக்கு பார்க்கிற ஒரு கட்சிக்காரரின் விவரம்கூட அவள் காதுக்குப் போனதில்லை. அதில் அவளுக்கு இன்னும் கோபம் உண்டு. இருக்கட்டும்.

உன் பெயருக்குப் பின்னால் இருக்கிற பட்டம் என் பெயருக்குப் பின்னால் இல்லை. பஞ்சாலைக் கணக்குப் பிரிவில் எழுத்தராகச் சேர்ந்தவன் நான். வரிச் சட்டப் புத்தகத்தை ஒரு கையிலும் அகராதியை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு இங்கிலீஷும் சட்டமும் சேர்த்தே கற்றுக்கொண்டேன். கணக்கியல் பரீட்சையைத் தனியாக எழுதித் தேறினேன். டவுன்ஹால் பக்கத்தில் மாடியில் ஒரு அறை பிடித்து, வரிக்கணக்கு பார்த்துக் கொடுக்கிறவன் என்று பலகை மாட்டினேன். யாராவது 'ஆடிட்டர்' என்று கூப்பிட்டால் இன்றைக்கும் திருத்துகிறேன். உனக்குக் கல்லூரியில் இந்தத் தொழிலின் ஒழுக்கம் என்று ஒரு பாடம் இருந்ததாகவும், கட்சிக்காரரின் விவரத்தை வெளியே சொல்லக்கூடாது என்று அதில் எழுதியிருந்ததாகவும் நீயே சொல்லியிருக்கிறாய். எனக்கு அப்படி யாரும் எழுதித் தரவில்லை. எதிரே உட்கார்ந்தவர்களின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

வரிக்கணக்குக்கு வருகிறவன் வரவு செலவை மட்டும் கொண்டுவருவதாக நீ நினைக்கிறாய். கொஞ்ச நாள் உட்கார்ந்து பார். ஊனமுற்ற பிள்ளைக்காக வரிக் கழிவு கேட்பதற்கு, சொந்தபந்தத்துக்குத் தெரியாமல் வளர்க்கிற பிள்ளையைப் பற்றி நம்மிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. அண்ணன் தம்பி ஒரே சமையல் என்று ஊர் நினைத்துக்கொண்டிருக்க, உள்ளுக்குள் எப்போதோ பிரிந்துவிட்டதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. எந்த வியாதிக்கு எங்கே வைத்தியம், எந்த நிலம் யார் பெயரில், எந்தப் பெண் புருஷன் வீட்டை விட்டு வந்து அப்பன் செலவில் இருக்கிறாள், எல்லாம் நம் மேஜைக்கு வருகிறது. அவர்கள் நம்மை நம்பிச் சொல்கிறார்கள் என்பதைவிட, சொல்லாமல் முடியாது என்பதால் சொல்கிறார்கள். விருப்பப்பட்டுச் சொன்னதை வெளியே விட்டால் அது துரோகம். வேறு வழியில்லாமல் சொன்னதை விட்டால் அதற்கு எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை.

அதனால் ஆபீஸில் சில பழக்கங்களை வைத்தேன். நீ அவற்றைக் கிறுக்கு என்பாய். வெளியே பெஞ்சில் காத்திருப்பவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, 'அடுத்தவங்க வாங்க' என்பதுதான் வழக்கம். ஒருவர் உள்ளே இருக்கும்போது இன்னொருவரின் கோப்பு மேஜைமேல் இருக்காது. யாராவது போனில் கேட்டால், கட்சிக்காரரே பேசினாலும், நேரில் வரச் சொல்வேன். குரலை வைத்து ஆளை நம்புவதில்லை. புருஷன் கணக்கை மனைவி கேட்டாலும், அப்பன் கணக்கை மகன் கேட்டாலும், அவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்பேன். கணக்குக்குத் தேவைப்படாத தாளை வாங்கிவைக்கமாட்டேன். கிரயப் பத்திரத்தைக் கொண்டுவந்தால் பார்த்துவிட்டு அப்போதே கையில் கொடுத்துவிடுவேன். தட்டச்சு செய்கிற மேரி, கார்பன் தாள் தேய்ந்துபோனால் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு நாலாகக் கிழிப்பாள். தேய்ந்த கார்பனில் எழுத்து அப்படியே தெரியும், அது உனக்குத் தெரியுமா? ஜெராக்ஸ் கடைக்குப் போனால் சரியாக விழாத நகலையும் கேட்டு வாங்கிக்கொண்டு வருவாள். கடைக்காரர், "ஏனுங்க மேரியம்மா, குப்பையக்கூட விட்டுட்டுப் போக மாட்டீங்களா?" என்பார். "எங்க குப்பைக்கு வெலை ஜாஸ்திங்க" என்று சிரித்துக்கொண்டே மடித்துப் பையில் வைப்பாள்.

மற்ற ஆபீஸ்கள் பழைய தாளை எடைக்குப் போட்டன. ஒருமுறை ரயில்வே ஸ்டேஷன் வாசலில் வேர்க்கடலை வாங்கினேன். பொட்டலத்தைப் பிரித்தால் ஒரு மனிதரின் பெயர், விலாசம், சம்பளம், கடன் எல்லாம் எண்ணெய்க் கறையோடு இருந்தது. எந்த ஆபீஸ் என்று சொல்லமாட்டேன். நான் நம் பழைய தாள்களைச் சாக்கில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து வெந்நீர் அடுப்பில் போட்டேன். நீ சின்ன வயதில் குளித்த வெந்நீரில் பாதி, கோயம்புத்தூர்க்காரர்களின் காலாவதியான கணக்கில் காய்ந்தது.

இனி ஈரோட்டு விஷயத்துக்கு வருகிறேன். அதை நீ மறந்திருப்பாய். நான் மறக்கவில்லை.

நீ கல்லூரி விடுமுறையில் ஆபீஸுக்கு வந்து கூட்டல் கழித்தல் பார்த்துக்கொண்டிருந்த காலம். ஈரோட்டில் மஞ்சள் மண்டி வைத்திருந்த ஒருவரின் கோப்பை உன்னிடம் கொடுத்திருந்தேன். உன் அம்மா வழியில் ஒரு சித்தப்பா, அந்த வீட்டுப் பையனுக்குத் தன் பெண்ணைக் கொடுக்க நினைத்தார். நம் பக்கத்தில் பெண் கொடுக்கும் முன் விசாரிப்பதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் ஜோசியம், அடுத்தது அந்த ஊர் மளிகைக் கடைக்காரர், அதற்கடுத்து அவர்கள் கணக்கு பார்க்கிற இடம். என்னிடம் கேட்டால் கிடைக்காது என்று அவருக்குத் தெரியும். ஒரு சீமந்த வீட்டில் பந்தியில் உன் பக்கத்து இலையில் உட்கார்ந்து கேட்டார். நீ பாயசத்தை வழித்துக்கொண்டே, "அவியளா? கண்ண மூடிட்டுப் பண்ணுங்க சித்தப்பா" என்றாய். கல்யாணம் நடந்தது. நன்றாகவும் இருக்கிறார்கள். அவர் உனக்கு ஒரு பேண்ட் துணி எடுத்துக் கொடுத்தார். நான் உன்னைத் திட்டியபோது, "நல்லதைத்தானேப்பா சொன்னேன், கெட்டதையா சொன்னேன்?" என்று கேட்டாய். அன்றைக்கு என்னால் உனக்குப் புரியவைக்க முடியவில்லை. எனக்கே முழுதாகப் புரிந்தது அதற்குப் பிறகுதான்.

ஆறேழு மாதம் கழித்து சுமதிக்கு உடுமலையிலிருந்து இடம் வந்தது. பையனைப் பார்த்தார்கள், சுமதிக்குப் பிடித்துவிட்டது. உன் அத்தையும் மாமாவும் பஸ் ஏறி நம் வீட்டுக்கு வந்தார்கள். நீ வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாய், அதனால் நடந்ததை நீயும் கேட்டிருக்கிறாய். ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் நீ அதை வேறு மாதிரி நினைவில் வைத்திருக்கிறாய் என்று சந்தேகப்படுகிறேன்.

"அண்ணா, அவிய உங்ககிட்டத்தான் கணக்கு பாக்கறாங்களாமா?" என்று ஆரம்பித்தாள்.

"யாரு பாக்கறாங்க, யாரு பாக்கலைன்னெல்லாம் நான் சொல்றதில்லையே அம்மணி."

"அந்தப் பெரியவரு உங்க ஆபீசுப் படி ஏறுனதை ஊரே பாத்திருக்குதுங்க."

"அப்ப ஊரைப் போய்க் கேளு."

மாப்பிள்ளை, அதாவது உன் மாமா, சிரித்துவிட்டார். "நாந்தான் பஸ்சுலயே சொன்னனே, மச்சான் வாயில இருந்து ஒண்ணும் பேராதுன்னு."

அவள் அவரைப் பார்க்கவே இல்லை. "ஈரோட்டுச் சம்பந்தத்துக்கு மட்டும் கண்ண மூடிட்டுப் பண்ணச் சொன்னீங்க. அது யாரோ ஒண்ணுவிட்ட சொந்தம். கூடப்பொறந்தவளுக்குச் சொல்ல வாய் வரலீங்களா?"

"அது நான் சொன்னதில்ல."

"உங்க ஆபீசு சொன்னதுதானே?"

நீ கதவோரத்தில் தரையைப் பார்த்தாய். அந்த நேரத்தில் உன் அம்மா காபி கொண்டுவந்து வைத்தாள். உன் அத்தை என் டம்ளரைத் தொட்டு என் பக்கம் நகர்த்தினாள்.

"சரிங்கண்ணா. நீங்க வாயத் தொறக்க வேண்டாம். இதைக் குடிச்சீங்கன்னா நல்ல இடம். குடிக்காம வெச்சீங்கன்னா வேண்டாத இடம். நானாப் புரிஞ்சுக்கறேன், உங்க வெரதமும் கெடாது."

"பாதி குடிச்சுட்டு வெச்சா?" என்றார் மாப்பிள்ளை.

"நீங்க சும்மா இருங்க."

எனக்குக் கோபம் வந்தது. எழுந்து போனாலும் அவளுக்கு அது ஒரு பதில்தான். உட்கார்ந்திருந்தாலும் பதில்தான். காபியை எடுத்து முழுவதும் குடித்தேன். டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "நான் தெனமும் காபி குடிக்கறவன். இன்னைக்கும் குடிச்சேன். இதுல உனக்குச் சேதி ஒண்ணும் கெடையாது" என்றேன்.

"குடிச்சீங்க. ஆனா மூஞ்சியச் சுளிச்சுட்டுக் குடிச்சீங்க."

"சர்க்கரை போடாத காபிய வேற எப்படி அம்மணி குடிக்கறது?"

அந்த வருஷம்தான் டாக்டர் எனக்குச் சர்க்கரையை நிறுத்தியிருந்தார். அவளுக்கும் அது தெரியும். ஆனால் அவள் பார்க்க வந்ததைப் பார்த்துவிட்டாள். அடுத்த வாரம் உடுமலைக்கு ஆள் சொல்லி அனுப்பி, இடம் சரிப்படவில்லை என்று முடித்துவிட்டாள். கேட்டவர்களிடமெல்லாம், "எங்கண்ணன் வாயத் தொறக்கலீங்க, அதுக்கு மேல என்ன வேணும்?" என்று சொல்லியிருக்கிறாள்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். அடுத்தடுத்து வந்த வரன்களெல்லாம், 'உடுமலைக்காரங்க சம்பந்தம் எதனால நின்னுது?' என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போயின. சுமதி வேலைக்குப் போகிறேன் என்று கிளம்பினாள், விடவில்லை. ஒரு கட்டத்தில் உன் அத்தைக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நல்ல இடத்தைத்தான் கைவிட்டுவிட்டோமோ, அண்ணன் முகத்தைச் சுளித்தது காபிக்குத்தானோ என்று. அந்தச் சந்தேகம் வந்த நாளிலிருந்து என்னோடு பேசுவதில்லை.

என்னிடம் இன்னொருவரும் வந்தார். அவரைப் பற்றி உனக்கு இதுவரை சொன்னதில்லை. சம்பந்தம் நின்ற சில நாளில் உடுமலைப் பெரியவர் ஆபீஸுக்கு வந்தார். அடுத்தவங்க வாங்க என்றதும் உள்ளே வந்து, உட்காராமல் நின்றார். இதை நான் எழுதலாம், ஏனென்றால் பேசியது அவர் கணக்கைப் பற்றி இல்லை, என்னைப் பற்றி.

"ஏனுங்க, எங்களைப் பத்தி என்னங்க சொன்னீங்க?"

"ஒண்ணுமே சொல்லலீங்க."

"அதைத்தானுங்க நானும் கேக்கறேன். ஈரோட்டுக்காரருக்கு ஒரு வார்த்தை சொன்னீங்களாமா. எங்களுக்கு மட்டும் எதுக்குங்க ஒண்ணுமே சொல்லல? ஒண்ணுமே சொல்லாம உட்டதுக்கு, நாலு வார்த்தை திட்டியிருந்தாக்கூடத் தேவலைங்களே!"

நான் அவரிடம் சொன்னேன்: "விவரம் உங்களுதுங்க. இன்னாருக்கு இன்னது சொல்லுன்னு நீங்க உங்க கையால எழுதிக் குடுங்க. குடுத்தீங்கன்னா அதை மட்டும், அவருக்கு மட்டும் சொல்றேனுங்க. நீங்க சொல்லாம நானாச் சொல்லமாட்டனுங்க."

அதற்கு அவர் என்ன சொன்னார், எழுதிக் கொடுத்தாரா, இல்லையா என்று நீ கேட்பாய். அதுவும் அவருடைய விவரம்தான். ஆனால் அவர் கேட்ட கேள்வியில் இருந்த நியாயத்தை எழுதலாம். நல்லவனைப் பற்றி நல்லது சொல்லிவிட்டால், அதன் பிறகு யாரைப் பற்றி வாயை மூடினாலும் அவன் கெட்டவன் ஆகிறான். ஈரோட்டு வீட்டைப் பற்றி நம் ஆபீஸிலிருந்து ஒரு வார்த்தையும் போகாமல் இருந்திருந்தால், உன் அத்தை என்னிடம் கேட்டு, திட்டிவிட்டு, வேறு இடத்தில் விசாரிக்கப் போயிருப்பாள். மளிகைக் கடைக்காரர் சொல்லியிருப்பார். எனது மௌனத்துக்கு ஒரு அர்த்தமும் இருந்திருக்காது. அதற்கு அர்த்தம் கொடுத்தது நீ. இந்த மூன்று வருஷமும் வீட்டில் எல்லோரும், 'அப்பா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சுமதி கல்யாணம் அன்றைக்கே நடந்திருக்கும், இல்லை நிம்மதியாக நின்றிருக்கும்' என்கிறீர்கள். நீயும் சொல்கிறாய். சுமதியின் சம்பந்தம் என் வாயால் நிற்கவில்லை. பாயசத்தோடு நீ சொன்ன நல்ல வார்த்தையால் நின்றது. இதைச் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். சுமதியை விட ஃபைல் பெரிதா என்று நீ கேட்ட பிறகு சொல்லாமல் இருக்க எனக்கு அவசியம் இல்லை.

இப்போது உன் கேள்வி: இனி யாருக்கு நட்டம்? நீ யோசிக்காமல் கேட்டாய், நான் இந்த ஒரு வாரமாக யோசித்தேன். நிறுத்தியது சரி என்று நான் சொன்னதாக வைத்துக்கொள். உன் அத்தை அதைத் தன்னோடு வைத்துக்கொள்வாளா? சம்பந்தி வீட்டில் தலை நிமிர்ந்து சொல்வாள். வெள்ளகோவிலில் காலையில் சொன்னது மத்தியான பஸ்ஸில் உடுமலைக்குப் போய்விடும். அந்த வீட்டுக்கு வாழ வந்திருக்கிற பெண்ணும் அவள் கைக்குழந்தையும் அந்தச் சேதியை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்? அவளை யாரென்றே எனக்குத் தெரியாது. என்னிடம் வந்து ஒன்றும் கேட்காதவள். சரி, நிறுத்தியது தப்பு என்று சொன்னதாக வைத்துக்கொள். சுமதிக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது. தன் அம்மா ஒரு காபி டம்ளரைப் பார்த்து அவனை வேண்டாம் என்று சொன்னாள் என்ற நினைப்போடு அவள் இன்னொருவன் பக்கத்தில் மணவறையில் உட்கார வேண்டும். இரண்டில் எந்த வார்த்தையைச் சொன்னாலும் ஒரு பெண்ணின் வீட்டுக்குள் அது போய் உட்கார்ந்துகொள்கிறது. உன் அத்தைக்கு நிம்மதி, எனக்கு மாமன் சீர், உனக்கு இரண்டு வீட்டுக்கும் போய்வரச் சௌகரியம். நம் மூன்று பேருக்காக அந்த விலையைக் கொடுக்க நான் தயாராக இல்லை. விவரம் பழசாகிவிட்டது என்கிறாய். மனிதர்கள் உயிரோடு இருக்கும்வரை அவர்களுடைய விவரம் பழசாவதில்லை.

உன் புது ஆபீஸைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொண்டாலும் சரி. ஆர்.எஸ்.புரத்தில் கண்ணாடி அறைகளாகப் போட்டிருக்கிறீர்கள். உள்ளே யார் அழுகிறார் என்று வெளியே உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரியும். திரைத்துணி மாட்டு. கம்ப்யூட்டர் வாங்கியது நல்லதுதான், எனக்கு அதன் மேல் பகை இல்லை. ஆனால் அதைத் திறக்கிற ரகசியச் சொல்லை உன் சிநேகிதன் ஒரு சீட்டில் எழுதி அந்தப் பெட்டியிலேயே ஒட்டிவைத்திருக்கிறான். நான் பார்த்தேன், எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது, மாற்றச் சொல். என் அலமாரியைத் தூக்கிக்கொண்டு போக நாலு ஆள் வேண்டும். உங்கள் ஃப்ளாப்பியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஒருத்தன் டீ குடிக்கப் போய்விடுவான். அதை எண்ணி வாங்கி, எண்ணிப் பூட்டு. எல்லாக் கோப்பையும் எல்லோரும் பார்க்கலாம் என்று வைக்காதே. உன்னிடம்கூட, அந்த ஈரோட்டுக் கோப்பைப் போல வேலைக்குக் கொடுத்ததைத் தவிர வேறு எதையும் நான் பிரித்துக் காட்டியதில்லை. உடுமலைக் கோப்பை நீ தொட்டதே இல்லை.

சஃபாரி போட்ட ஒருவர் உன்னைப் பார்க்க வந்தாராமே. நிதிக் கம்பெனிக்காரர். மில்லில் விருப்ப ஓய்வு வாங்கியவர்கள் நம்மிடம் கணக்கு பார்த்தால் அவர்களின் பெயரும் விலாசமும் மட்டும் கேட்டாராம். முதலில் என்னிடம்தான் வந்தார். "வெறும் அட்ரஸ்தானுங்களே, டெலிபோன் புஸ்தகத்துலயே இருக்குமுங்க" என்றார். "அப்ப அதுலயே பாத்துக்குங்க" என்று அனுப்பினேன். அந்த விலாசம் டெலிபோன் புத்தகத்தில் இருக்கலாம், இன்னார் கையில் இப்போது ஓய்வுப் பணம் இருக்கிறது என்பது அதில் இல்லை. கணக்குக்காக வாங்கிய விவரம் கணக்குக்கு மட்டும்தான். நீ அவருக்கு யோசித்துச் சொல்கிறேன் என்றாயாம். யோசிப்பதற்கு அதில் என்ன இருக்கிறது?

என் கோப்புகளை உனக்குக் கொடுப்பதாகச் சொன்னேன், அதில் மாற்றம் இல்லை. ஆனால் அவை என் சொத்து இல்லை, மகனுக்கு எழுதிவைக்க. இந்த இரண்டு மாதமாக ஒவ்வொரு கட்சிக்காரரையும் பார்த்து, "எம்பையன் ஆபீசுக்குக் குடுக்கட்டுங்களா, உங்ககிட்டயே திருப்பிக் குடுத்தரட்டுங்களா?" என்று கேட்டேன். பெரும்பாலோர் சிரித்தார்கள். "அவரு நம்ம பையன்தானுங்களே, இதுக்குப் போயி கேக்கோணுங்களா?" என்றார்கள். சிலர் வாங்கிக்கொண்டார்கள். ஏன் என்று கேட்கவில்லை, நீயும் கேட்காதே. சரி என்று சொன்னவர்களுடையது மட்டும் அலமாரியில் இருக்கிறது. உடுமலையாருடையது அதில் இருக்கிறதா, இல்லையா என்பது அலமாரியைத் திறக்கும்போதுதான் உனக்குத் தெரியும்.

எனக்கு வருத்தம் இல்லை என்று நினைக்காதே. சுமதிக்கு உன் அம்மா மாமன் சீர்ப் புடவை எடுத்துவிட்டாள், அரக்கு நிறம். எடுக்கும்போது என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, எடுத்துவந்து என் முன்னால் பிரித்து வைத்தாள், அவ்வளவுதான். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதையும் சீர்த்தட்டையும் நீ கொண்டுபோ. மாமன் நிற்க வேண்டிய இடத்தில் நீ நில், உனக்கும் அந்த உரிமை உண்டு. நான் தபாலில் வந்த பத்திரிகைக்கு ஏற்றபடி வருவேன். மற்ற விருந்தாளிகளோடு நாற்காலியில் உட்கார்ந்து, அட்சதை போட்டு, பந்தியில் சாப்பிட்டுவிட்டு, பஸ் ஏறிவிடுவேன். உன் அத்தை பார்த்தால் பார்க்கட்டும்.

கல்யாணத்துக்கு முன்னால் அலமாரிச் சாவியைக் கேட்காதே, தரமாட்டேன். அது கோபத்தால் இல்லை. பந்தலில் உன் அத்தை உன் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போவாள், எனக்குத் தெரியும். உங்கப்பன் ஃபைலை எல்லாம் உங்கிட்டக் குடுத்துட்டாராமே கண்ணு, நீயாவது சொல்லு என்பாள். உன் முகத்தையும் பார்ப்பாள். உனக்கு முகத்தை மறைக்க வராது, சின்ன வயதிலிருந்தே வராது. 'எனக்குத் தெரியாதுங்கத்தை' என்று சொல். அவள் எவ்வளவு நேரம் பார்த்தாலும் அது உண்மையாக இருக்கும். கல்யாணம் முடிந்த மறுநாள் வந்து சாவியை வாங்கிக்கொள். அன்றைக்கு மேல் அவள் கேட்டால், உனக்குத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், 'சொல்லமாட்டேன்' என்பது ஒன்றுதான் உன்னிடம் இருக்கும்.

அப்பா